குட்டை லீவரின் அவசரம்

கோயம்புத்தூரில் ஒரு சிவப்புக் குட்டிக் கார் இருந்தது. அதற்கு ஒருநாள் புதிய கியர் லீவர் வந்து சேர்ந்தது.

பழைய லீவர் நெடுநெடுவென்று உயரமாக இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் கை ஒரு வீச்சு போய்வர வேண்டும். புதியது அதில் பாதி உயரம்தான். மைதானத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்காக, காரின் சொந்தக்காரி தமயந்தி கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது. குட்டை லீவருக்குத் தலைகால் புரியவில்லை. டப்பாவுக்குள் கிடந்தபடியே கனவில் பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தது.

லீவரின் அடியில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று துளைகள். கியர்பாக்ஸிலிருந்து வரும் கம்பியைக் கீழ்த்துளையில் மாட்ட மாட்ட, கை நகரும் தூரம் குறையும். எதில் மாட்டுவது என்று மெக்கானிக் திருமூர்த்தி கேட்டார்.

"கடைசித் துளையிலயே மாட்டுங்ண்ணா. குறைக்கறதுன்னு ஆயிப்போச்சு, முழுசாக் குறைச்சிரலாம்," என்றாள் தமயந்தி.

லீவருக்கும் அதுதான் ஆசை. ராகு காலம் பிறப்பதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று திருமூர்த்திக்கு ஒரே பரபரப்பு. கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமலே லீவருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்து அனுப்பிவிட்டார்.

தெருமுனை தாண்டி இரண்டாவது கியர் போட்டதும் கறகறவென்று ஒரு சத்தம். கியர்பாக்ஸ் அலறியது. என் வேகத்துக்கு உன்னால் வர முடியவில்லையா என்று லீவர் ஏளனம் செய்தது.

"தம்பி, உள்ள பல்சக்கரம் ஒவ்வொண்ணும் ஒரு வேகத்துல சுத்துது. சேர வேண்டிய ரெண்டும் ஒரே வேகத்துக்கு வந்தாத்தான் பொருந்தும்," என்றது கியர்பாக்ஸ். "உன்ற வழியைத்தான் குறைச்சிருக்காங்க. என்ற வேலையைக் குறைக்கல."

லீவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தமயந்தியின் மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். முகம் வாடிப்போய் காரைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குப் பந்தயம். இதைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டிருங்ண்ணா."

லீவருக்குப் பகீரென்றது. மறுபடி டப்பாவா?

திருமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். "போட்டுப் பார்க்காம விட்டது என்ற தப்புங்க அம்மணி. நடுத்துளையில ஒருக்கா மாட்டிப் பார்த்துரலாங்க."

நடுத்துளையா என்று லீவருக்கு மானம் போயிற்று. ஆனாலும் டப்பாவை நினைத்து நடுத்துளையிலேயே மாட்டிக்கொண்டது. பிறகு மெதுவாகக் கியர்பாக்ஸிடம், எப்போது வரட்டும் என்று கேட்டது.

"நான் கூப்பிடறப்ப வா. கண்ணை மூடித் திறக்கற நேரந்தான்."

மறுநாள் மைதானத்தில் கொடி இறங்கியது. சிவப்புக் கார் சீறிக் கிளம்பியது. லீவருக்கு முண்டியடித்துக்கொண்டு உள்ளே பாய வேண்டும் போலிருந்தது. இருந்தும் கியரின் வாசலில் நின்றது. உள்ளே இருந்து "வா" என்று குரல் வந்ததும் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. மூன்றாவது கியரும் அப்படியே. வளைவுகளில் புழுதி பறந்தது. தமயந்தி வாய்விட்டுச் சிரித்தாள். லீவருக்கு இவ்வளவு சந்தோஷம் டப்பாவுக்குள் கண்ட கனவில்கூட இருந்ததில்லை.

முதலாவதாக வந்து இறங்கியவள் திருமூர்த்தியிடம் ஓடினாள்.

"நிக்கவே இல்லைங்ண்ணா, லீவர் சும்மா பறக்குது!"

ஒவ்வொரு கியருக்கும் அது நின்றுதான் வந்தது என்பது கியர்பாக்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.