செங்கழுத்தன் குடிக்காத மடக்கு

அந்தக் காலத்தில், பறவைகளோடு குளங்களும் பேசிக்கொண்டிருந்தபோது, தீக்கோழிக் கூட்டத்துக்கெல்லாம் தாகம் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு பறவை போய்க் குடித்தால் போதும். அதன் தொண்டையில் இறங்கும் நீர், எங்கோ மணலில் நிற்கும் மற்றவற்றின் தாகத்தையும் ஒவ்வொன்றாகத் தணித்துக்கொண்டே போகும்.

மழை பொய்த்த ஒரு கோடையில், குடிக்கப் போகும் முறை செங்கழுத்தனுக்கு வந்தது. அவன் துணை சாம்பலி, கூட்டத்துப் பெட்டைகள் எல்லாம் இட்ட முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தால் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும்.

"நான் எழுந்திருக்க மாட்டேன். நீ சீக்கிரம் குடி" என்றாள்.

"உன் நீளக் காலுக்கு, பேசாமல் போயிருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பாயடா" என்றாள் கிழட்டுப் பெட்டை மொட்டைச்சி.

எஞ்சியிருந்தது ஒரே குளம். அதுவும் ஒரு பாறைக்குழிக்குள் சுருங்கிக் கிடந்தது. செங்கழுத்தன் அலகால் அள்ளி, கழுத்தை நிமிர்த்தி விழுங்கினான். தொலைவில் ஒவ்வொரு தொண்டையாக நனைவது அவனுக்குத் தெரிந்தது. சாம்பலிக்கு இன்னும் எட்டவில்லை. மறுபடி குனிந்தான்.

"நிறுத்து. இது கடைசி மடக்கு" என்றது குளம்.

"என்னவள் முட்டைமேல் இருக்கிறாள்."

"வானம் என்னில் முகம் பார்த்துத்தான் மழையாக இறங்கும். இதுவும் போனால், இத்தனை மணலில் அதற்கு இடம் தெரியாது."

அந்த நீர் ஒரு முட்டையின் அகலம்தான் இருந்தது. ஆனால் வானம் முழுவதும் அதற்குள் இருந்தது. நடுவில் அவன் தலை, சின்னக் கறுப்புப் புள்ளியாக. அவன் மூச்சு பட்டு நீர் நடுங்கியபோது வானமும் நடுங்கியது.

குடிக்காமல் தலையைத் தூக்கினான். உள்ளே ஏதோ அறுந்தது. மற்றவர்களின் தொண்டைகள் அவனுக்குத் தெரியாமல் போயின. அவன் தாகம் மட்டும் தனியாக மிஞ்சியது.

ஓடினான். அவனுக்குப் பின்னால் திரண்டெழுந்த மேகத்தின் நிழல் அவனை முந்திக்கொண்டு மணலில் ஓடியது.

"பாதியில் விட்டுவிட்டு வந்தாயா, உதவாக்கரை! தொண்டை எரிகிறது" என்று கத்தினாள் மொட்டைச்சி. நீர் ஏற்கெனவே எட்டிவிட்ட இன்னொருத்தி பக்கத்தில் நின்று, "எனக்கு இனிமேல் தண்ணீரே வேண்டாம்போல் இருக்கிறதே" என்று விழித்தாள்.

சாம்பலி எழவில்லை. அவள் அலகு திறந்தே கிடந்தது.

"எனக்கு வரவில்லை" என்றாள்.

"தெரியும். அண்ணாந்து பார்."

முதல் துளி அவள் நாக்கில் விழுந்தது.

மழை ஓய்ந்ததும் முட்டைகள் பொரிந்தன. எல்லாம் ஒரே சூட்டில் இருந்த குஞ்சுகள்தான். ஆனாலும் தத்தம் தாய்மாரைப் போலவே, சில தேங்கிய நீருக்கு ஓடின, சில அதைத் திரும்பியும் பாராமல் நடந்தன.

அன்று முதல்தான் ஒரே கூட்டத்துத் தீக்கோழிகளில் ஒன்று தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் நிற்கிறது, இன்னொன்று நாள்கணக்கில் குடிக்காமல் திரிகிறது. எது குடித்தாலும், ஒவ்வொரு மடக்குக்கும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொள்கிறது.