மூச்சு விடாமல் துடைத்த டிவி கேம்

பரமானந்தத்துக்கு மூளை இருந்தது. அதை அடிக்கடி தொந்தரவு செய்யக்கூடாதென்று சும்மா விட்டுவைத்திருந்தான். கூட்டாளிகள் லூர்துவும் சொர்ணக்குட்டியும் அந்த விஷயத்தில் அவனைவிடச் சிக்கனம்.

கப்பல் வேலைக்குப் போன அத்தான், தன் பழைய டிவி கேமை மச்சினன் பரமானந்தத்தை நம்பி வீட்டில் விட்டுப் போயிருந்தார். அக்காவுக்குத் தாலி கட்டுவதற்கு முன்பிருந்தே அவர் குடித்தனம் நடத்தியது அதோடுதான். அன்று சாயங்காலம் திரும்பி வருகிறார். காலையில் கேசட்டைச் சொருகினால் திரையில் வெறும் கோடு. பரமானந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மெக்கானிக் போனில் சொன்னார். "கேசட் சொருகுற இடத்துல தூசி அடைஞ்சிருக்கும். பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் தேய்ங்க. வாயால ஊதிராதீங்க, ஈரம் பட்டா துரு ஏறிரும். காயுற வரைக்கும் கரண்ட் குடுத்திராதீங்க."

"மூச்சு விடுறது ஊதுறதுல சேருமாடே?" என்றான் லூர்து.

"வாயால விட்டா சேரும்," என்றான் சொர்ணக்குட்டி.

"மூக்கால விட்டா?"

"சளி இருந்தா சேரும்."

பரமானந்தத்துக்குச் சளி இருந்தது. ஆகவே வீட்டுக்குள் யாருமே மூச்சு விடுவதில்லை என்று முடிவாயிற்று.

ஒருவன் வாசலில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவான், ஒரு தேய் தேய்ப்பான், கண் பிதுங்க வெளியே ஓடிவருவான். உடனே அடுத்தவன் ஓடுவான். உள்ளே ஏதோ தாங்கமுடியாத நாற்றம் என்று எதிர்வீட்டுக்காரம்மா தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

தேய்த்து முடித்ததும், சீக்கிரம் காயட்டும் என்று லூர்து ஃபேனைப் போடப் போனான்.

"ஃபேன் ஊதுமேடே?" என்றான் சொர்ணக்குட்டி.

"வாயாலதான ஊதக்கூடாதுன்னாரு. ஃபேனுக்கு ஏது வாய்?"

"சரிதான். ஆனா காயுற வரைக்கும் கரண்ட் குடுக்கக்கூடாதுல்லா?"

சொர்ணக்குட்டி வீட்டு மெயினையே இறக்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று டார்ச்சிலிருந்த பேட்டரியையும் கழற்றித் தெருவில் வைத்தான்.

சாயங்காலம் மெயினை ஏற்றி, கேசட்டைச் சொருகினார்கள். படம் பளிச்சென்று வந்தது. பரமானந்தம் சந்தோஷத்தில் கத்தப்போனான். லூர்து அவன் வாயைப் பொத்தி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

வாசலில் அத்தான் சூட்கேசோடு நின்றார். "கேம் ஓடுதால?"

"ஜம்முன்னு ஓடுது அத்தான். காலையில இருந்து உள்ள ஒருத்தரும் மூச்சு விடல."

அத்தான் திரையை எட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மூவரையும் பார்த்தார். அடி நிச்சயம் என்று பரமானந்தம் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான்.

அத்தான் சூட்கேசைக் கீழே வைத்தார். "நான் மாசக்கணக்கா கடல்ல உப்புக்காத்தா இழுத்துட்டு வந்திருக்கேனே. அத்தனையையும் வெளியிலேயே விட்டுட்டு வரட்டுமா?"

அன்று ராத்திரி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து உப்புக்காற்றை ஊதித் தள்ளிக்கொண்டிருந்த அத்தானுக்குச் சோறு வைத்துவிட்டுப் போனாள்.