இரண்டு லென்ஸ், ஒரு நாற்காலி

விருத்தாசலம் கடைவீதியில் ஒரு குரு இருந்தார். பெண். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பது தொழில். வயது நாற்பத்திரண்டு. பெயர் மெஹருன்னிசா.

சீடருக்கு அறுபத்திரண்டு. பெயர் தெய்வநாயகம். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்த சீடர் என்று தெருவில் சிரித்தார்கள். அவருக்கு உறைக்கவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, வந்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்டுடியோவிலேயே வகுப்பு. நாலைந்து பேர் வருவார்கள். டீச்சர் என்று கூப்பிடுவார்கள். டீச்சர் அதிகம் பேச மாட்டார். படத்தைக் காட்டினால் பார்ப்பார். பிடித்தால் "சரி" என்பார். பிடிக்காவிட்டால் அதுவும் சொல்ல மாட்டார்.

தெய்வநாயகம் இரண்டு வருஷமாக வருகிறார். மணிமுத்தாற்றுப் பாலம், சரக்கு ரயில், கொக்கு, புளியமரம் என்று நூறு படம் காட்டியிருப்பார். மனைவியின் படத்தைக் காட்டியதில்லை. எடுக்கவே இல்லை. அதை எடுக்கத்தான் கேமராவே வாங்கினார்.

காரணம் பழையது. அவர் கல்யாணத்தில் போட்டோகாரர் காலையிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை படம் எடுத்தார். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கேமராவுக்குள் ஃபிலிமின் நுனி சக்கரத்தில் மாட்டவே இல்லை. எண் மட்டும் ஓடியது, ஃபிலிம் நகரவில்லை. ஒரு படம்கூடத் தேறவில்லை.

மணப்பெண் அஞ்சலாட்சிக்கு அன்று இருபத்தொரு வயது. அழவில்லை. ஆல்பம் கேட்ட உறவுக்காரர்களிடம், சின்ன மாமா வீட்டில் இருக்கிறது, வாங்கி வைக்கிறேன் என்றாள். சின்ன மாமா செத்தே பதினாலு வருஷமாகிறது. இன்னும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்கிறாள்.

படம் போனதுகூடத் தெய்வநாயகத்துக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்று போட்டோகாரர் "இங்கே பாருங்க, இங்கே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவில்லை. இப்போது கண்ணை மூடி யோசித்தாலும் அந்த முகம் வருவதில்லை. மாலை வருகிறது, புகை வருகிறது, போட்டோகாரரின் கட்டைவிரல்கூட வருகிறது.

ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து, கழுத்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நகை கேட்பாள் என்று எதிர்பார்த்தார்.

"என்னை ஒரு படம் எடுத்துக் குடுங்க," என்றாள்.

அதற்குப் பிறகுதான் இந்த லென்ஸ் ஆராய்ச்சி. அவளுக்கு எடுக்கும் படத்தை ஏனோதானோ என்று எடுக்க முடியாது.

முகத்துக்கு எண்பத்தைந்து எம்எம் பிரைம் என்று முடிவாயிற்று. பிரைம் லென்ஸைத் திருகி ஆளைக் கிட்டே இழுக்க முடியாது. கிட்டே வேண்டுமென்றால் எடுப்பவன்தான் நடக்க வேண்டும். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. யாருடைய லென்ஸ் என்பதில்தான் சந்தேகம். கேமரா செய்த கம்பெனியே செய்த லென்ஸ் ஒன்று. அதே கேமராவில் பொருந்தும்படி வேறு கம்பெனி செய்தது ஒன்று. முன்னது விலையில் யானை. ஆனால் எதிரே இருப்பவர் கண்ணில் சட்டென ஃபோகஸ் பிடிக்கும், தூசி புகாது. பின்னது கொஞ்சம் தயங்கித்தான் பிடிக்கும், ஓரங்களில் மங்கும். நடுவில் அதுதான் கூர்மை என்று இணையத்தில் பாதிப் பேர் எழுதினார்கள். பொய் என்று மீதிப் பேர் எழுதினார்கள். இரண்டு வருஷம் படித்தார். படிக்கப் படிக்க இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தது.

வகுப்புக்கு வரும் பேங்க் கிளார்க் மதுசூதனன் சொந்தக் கம்பெனிக் கட்சி. வெளிக் கம்பெனி லென்ஸ் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, ஒட்டிக்கொள்ளும், உரிமை இருக்காது என்றான். டீச்சர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், தெய்வநாயகம் சார் இருப்பதே மாமனார் கட்டிய வீட்டில்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தெய்வநாயகமும் சிரித்தார். வீட்டுக்குப் போய் வெளிக் கம்பெனிக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் இரண்டையும் சென்னையிலிருந்து இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்தார். முதலில் செங்கல் சுவரை எடுத்தார். பிறகு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்தார். கண்ணீர் அஞ்சலிப் பக்கம். அதில்தான் எழுத்து பொடியாக இருக்கும். திருப்தி வரவில்லை. முகத்துக்கு வாங்கும் லென்ஸை முகத்தில்தானே சோதிக்க வேண்டும்?

அஞ்சலாட்சியைக் கூப்பிட்டார்.

பத்து நாள் சோதனை நடந்தது. பதினோராம் நாள் ஞாயிறு. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பின்பு, லென்ஸ் பையையும் மெமரி கார்டையும் டீச்சர் மேஜைமேல் வைத்தார்.

"எதை வாங்கறது, டீச்சர்? நாளைக்கு ரெண்டும் திரும்பிப் போகணும்."

டீச்சர் கார்டைச் சொருகினார். திரை முழுக்கப் படங்கள் தபால்தலை அளவில் வந்து நின்றன. நானூறுக்கு மேல்.

"பெரிசாக்குங்க, டீச்சர். கண்ணிமையைப் பாருங்க. வித்தியாசம் அங்கேதான் இருக்கு."

"நான் பெரிசாக்கறதில்லை. என் தொழில் ஸ்டாம்பு சைஸ். அதுல தெரியாதது எனக்கும் தெரியாது."

தெய்வநாயகம் விடவில்லை. சோதனை நடந்த முறையை விளக்கினார். தினமும் சாயங்காலம் ஐந்து மணி. வாசல் கதவுக்கு உள்ளே, தெரு வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடம். அதே நாற்காலி. தரையில் சாக்பீஸ் கோடு. ஒரு லென்ஸில் இருபது, மற்றதில் இருபது. ஒன்றை மாற்றினால் மொத்தச் சோதனையும் செல்லாது. முப்பத்தாறு வருஷம் சிக்னலைச் சோதித்தவர் அவர். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டீச்சர் நாளுக்கு ஒன்றாகப் பத்துப் படம் பொறுக்கினார். ஒரே தாளில் வரிசையாக, பாஸ்போர்ட் சைஸில் அச்செடுத்தார். தாள் சூடாக வந்தது. அதை அவர் முன்னால் வைத்தார்.

"இதுல எது எந்த லென்ஸ்?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இவ்வளவு சின்னதுல எப்படித் தெரியும்?"

"சரி. வேற என்ன தெரியுது?"

அவர் பார்த்தார்.

முதல் நாள். அரக்குப் பட்டு. தலை நிறையக் கனகாம்பரம். நெற்றியில் பொட்டு புதிதாக இருந்தது. உதடு மூடியிருந்தாலும், யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சிரித்துவிடும் முகம். அந்த முகம் நேராக அவரையே பார்த்தது.

அன்று அவள் வந்து உட்கார்ந்து, "படமா?" என்று கேட்டாள். இல்லை, இது சோதனை, படம் அப்புறம் என்றார். பட்டு பளபளத்து வெளிச்ச அளவைக் கெடுக்கிறது, நாளையிலிருந்து நூல் புடவை போதும் என்றும் சொன்னார்.

இரண்டாம் நாள் நூல் புடவை. கனகாம்பரம் இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. நாலாம் நாள் இல்லை. தினமும் உட்காரும்போது "இன்னைக்குப் படமா?" என்று கேட்பாள். இல்லை, சோதனை என்பார். ஆறாம் நாளிலிருந்து அவள் கேட்கவில்லை. சோதனை முறை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஏழாம் நாள் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். எட்டாம் நாள் மடியில் அவரைக்காய். ஒன்பதாம் நாள் முகம், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு பெயர் கூப்பிடக் காத்திருப்பவள் முகம்.

இதெல்லாம் நடந்தபோது அவர் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார். ராத்திரியில் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணிமை ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது. அது எந்த நாள் இமை என்று அவருக்குத் தெரியாது.

டீச்சரின் விரல் வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

"இது?"

"குடம்."

"குடம்னு தெரியுது."

நாற்காலிமேல் பித்தளைக் குடம். முதுகு சாய்கிற இடத்தில் சாய்ந்து, ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

தெய்வநாயகம் மெதுவாகச் சொன்னார். நேற்று ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். அவள் அடுக்களையிலிருந்து வந்தாள். இடுப்பில் குடம். அதை நாற்காலியில் வைத்தாள். "சோதனைதானே. இதுவும் ஆடாம அசையாம உட்காரும்," என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வெளிச்சம் போயிட்டிருந்தது, டீச்சர்."

"எடுத்தீங்க."

"எடுத்தேன்."

"ரெண்டு லென்ஸ்லயுமா?"

"ரெண்டுலயும்."

"குடம் எதுல நல்லா வந்திருக்கு?"

அவருக்குப் பதில் தயாராக இருந்தது. குடத்தின் கழுத்தோரம் வெளிக் கம்பெனி லென்ஸில் ஊதாக் கோடு விழுகிறது. சொந்தக் கம்பெனியில் விழவில்லை. நேற்று இரவு நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். வாயைத் திறந்தார்.

"ரெண்டுலயும் நல்லாத்தான் வந்திருக்கு," என்றார்.

வெளியே பண்ருட்டி பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தெய்வநாயகம் மறுபடி முதல் படத்துக்குப் போனார். அதை விட்டு அவரால் வர முடியவில்லை. நரைத்த வகிடு, கன்னத்தில் வெயில் கறுப்பு, ஐம்பத்தாறு வயது. இருந்தும் அது ஒரு மணப்பெண் முகம். யாரோ அழைத்துவந்து உட்காரவைத்த முகம். முப்பத்தைந்து வருஷம் முன்னால் தன் பக்கத்தில் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இருந்திருக்கிறாள். அவர் விரலை அந்தத் தாள்மேல் வைத்தார். எடுக்க மனம் வரவில்லை.

"டீச்சர், இதைப் பெரிசாப் போட்டுக் குடுங்க. ஃப்ரேம் போட்டு நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"இதையா?"

"இதுதான் படம். எடுத்திருக்கேன், டீச்சர். எனக்கே தெரியாம எடுத்திருக்கேன்."

"அன்னைக்கு அவங்ககிட்ட இதை என்னன்னு சொன்னீங்க?"

அவர் விரல் படத்தின் ஓரத்தைத் தடவியது.

"என்ன சொன்னீங்க, சார்?"

"சோதனைன்னு."

"அவங்க கேட்டது?"

தெய்வநாயகம் தாளிலிருந்து விரலை எடுத்தார். லென்ஸ் பை திறந்து கிடந்தது. இரண்டு லென்ஸும் மூடி போட்டபடி பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. எது எது என்று அவர் பார்க்கவில்லை. ஜிப்பை இழுத்து மூடினார்.

ஒருவர் வந்து ரேஷன் கார்டுக்குப் போட்டோ வேண்டும் என்றார். டீச்சர் அவரை உள்ளே கூட்டிப்போய், உட்காரவைத்து, எடுத்து, அனுப்பிவிட்டு வந்தார். தெய்வநாயகம் அப்படியே இருந்தார்.

கடைசியில் கேட்டார்.

"இன்னைக்குக் கூப்பிட்டா வருவாளா, டீச்சர்?"

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். குடத்தை மட்டும் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். மீதித் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவங்க ஒன்பது நாள் வந்துட்டாங்க, சார். நீங்கதான் இன்னும் வரல."