பொட்டல் காட்டில் நீச்சல் பள்ளி

“நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவளைப் பொட்டல் காட்டுக்கு அனுப்பினவன் எவன்? முத்திரை குத்துறதுக்கு முன்னாடி, இங்கே ஓர் ஓடையாவது உண்டான்னு விசாரிச்சியா?”

நீர்நாய் சுழியாள் தன் கையிலிருந்த ஓலையைப் பார்த்துத்தான் இப்படிக் கத்தினாள். ஓலையில் சிங்கராஜாவின் முத்திரை இருந்தது. குத்தியவர் பெயர் இல்லை. சுற்றிலும் கருவேல முள்ளும் செம்மண்ணும்தான். நின்ற இடத்தில் கால் சுட்டது.

அவளை அலகுப் பையில் சுமந்துவந்த கூழைக்கடா சிறகை உதறியது.

“என்மேல ஏன் பாயுறே? எழுதியிருந்த இடத்துல இறக்கிவிட்டேன். ஒரு மாசம் கழிச்சு அதிகாரி ஓலையப்பனைக் கூட்டிக்கிட்டு வருவேன். பன்னிரண்டு பாடமும் முடிஞ்சதுன்னு அவன் ஓலையில கீறினா, உன்னைத் திரும்பத் தூக்கிட்டுப் போவேன்.”

“கீறலேன்னா?”

“நடந்து வா.”

அது பறந்துவிட்டது. நடந்தால் பத்து நாள் வழி. வழியில் குட்டை கிடையாது, குழி கிடையாது. பத்து நாள் வெயிலில் காய்ந்தால் நீர்நாய் வீடு போய்ச் சேராது. கருவாடுதான் போய்ச் சேரும்.

சுழியாளின் ஊர் ஆற்றங்காடு. அங்கே சிங்கராஜா ஒரு திட்டம் போட்டிருந்தார். “நம் காட்டுப் படிப்பு வெளிக்காடுகளுக்குப் போகட்டும். அங்கே விளைகிற தேனும் பழமும் இங்கே வரட்டும். கற்றுக்கொடுக்கப் போகிறவர்களின் பயணம் அரண்மனைப் பொறுப்பு” என்று அறிவித்தார். நல்ல திட்டம்தான். சுழியாள் முதல் ஆளாக வரிசையில் நின்றாள். அவளுக்கு யாரும் நீச்சல் கற்றுக்கொடுக்கவில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது பாறை பாறையாக மோதிக் கற்றுக்கொண்டவள். வருஷா வருஷம் வெள்ளம் புகுகிற கழிமுகத் தீவுக்கு அனுப்பும்படி கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவன் உடும்பு உறுதியான். வெயிலுக்கு ஒதுங்க, காய்ந்த மண்ணில் வளை தோண்டச் சொல்லிக்கொடுப்பவன். அவன் கேட்டது பொட்டல் காடு.

அரண்மனையில் யாரோ இரண்டு ஓலையையும் மாற்றிக் குத்திவிட்டார். உறுதியான் தீவுக்குப் போனான். சுழியாள் இங்கே நிற்கிறாள்.

முள்புதருக்குள்ளிருந்து ஒரு பெண் முயல் எட்டிப் பார்த்தது. அதன் பெயர் கொத்தி.

“நீங்கதான் நீச்சல் வாத்தியாரம்மாவா? சிரிக்கக் கூடாதுன்னு ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு இருக்கேன்.”

“சிரிச்சுத் தொலை. சிரிச்சிட்டு, தண்ணி எங்கே கிடைக்கும்னு சொல்லு.”

கொத்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. “ஒரே ஒரு கிணறு இருக்கு. காடே அதுலதான் குடிக்குது. போன கோடையில என் பிள்ளைங்க ரெண்டு அதுலதான் போச்சு. இப்ப மூணு இருக்கு. அதுங்களையும் அங்கேதான் கூட்டிட்டுப் போகணும். வேற வழி ஏது?”

சுழியாளின் கோபம் அப்படியே இறங்கியது. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தாள். யாரோ எப்போதோ வெட்டிவிட்டுப் போன பழைய கல் கிணறு. சுவரெல்லாம் பாசி. ஒரு மூலையில் மட்டும் உடைந்த படிகள். விழுகிற பிள்ளை பயந்து அலறுகிறது. அலறிய வாயில் தண்ணீர் போகிறது. எட்டடி தள்ளிப் படி இருப்பது தெரியாமலே மூழ்கிவிடுகிறது.

அவள் ஓலையைப் பிரித்தாள். அரண்மனை ஒப்புதல் கொடுத்த பாடங்கள் வரிசையாக இருந்தன. நாணல் ஓரம் நீந்துதல். ஆற்றில் எதிர்நீச்சல். கடைசியாக, அருவிக்கு அடியில் முக்குளித்தல். கிணறு என்ற சொல்லே அதில் இல்லை.

“அதுக்கென்ன, பிள்ளைங்களை மணல்ல படுக்கப்போட்டுக் கையை ஆட்டச் சொல்லுங்க” என்றாள் கொத்தி. “அதிகாரி பன்னிரண்டையும் கீறிட்டுப் போயிடுவார். நீங்களும் ஊர் போய்ச் சேரலாம்.”

“நான் போயிடுவேன். உன் பிள்ளைங்க?”

கொத்தி கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

சுழியாள் ஓலையைச் சுருட்டி ஒரு கல்லுக்கு அடியில் செருகினாள். “பேரத்தை முதல்லயே பேசிக்கலாம். மிதக்கிற பிள்ளைக்கு ஒரு கூடை இலந்தைப் பழம். மிதக்காத பிள்ளைக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“ஒரு கூடை அதிகம். அரைக் கூடை தர்றேன்.”

“பிள்ளை பாதி மிதந்தாப் போதுமா?”

“சரி, ஒரு கூடை” என்றாள் கொத்தி.

மறுநாள் காலையில் மூன்று முயல் குட்டிகள், ஒரு கீரிப்பிள்ளை, ஒரு மான் கன்று, ஐந்து பேரும் கிணற்றுப் படியில் நின்றார்கள். சுழியாளிடம் இருந்தது மூன்றே விதி. வாயை மூடு. மல்லாக்கப் படு. சுவரைத் தொட்டுக்கொண்டே போ, படி வரும்.

முதல் விதிதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. கொத்தியின் கடைக்குட்டி சுண்டன் தண்ணீரைத் தொடுமுன்பே கத்தினான். கத்தக் கத்த மூழ்கினான். சுழியாள் பதினேழு தடவை அவனைக் காதைப் பிடித்துத் தூக்கினாள். பதினெட்டாவது தடவை அவன் வாயை மூடினான். காய்ந்த சருகு மாதிரி மேலே வந்தான். மேட்டில் நின்ற கொத்தி அப்போதே பழம் பறிக்க ஓடினாள்.

ஒரு மாதம் கழிந்தது. கூழைக்கடா வந்து இறங்கியது. அதன் முதுகிலிருந்து, கக்கத்தில் ஓலைக்கட்டோடு குரங்கு ஓலையப்பன் குதித்தான். வந்ததும் வராததுமாகக் கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டு பேசத் தொடங்கினான்.

“பாடம் ஒன்று, நாணல் ஓரம் நீந்துதல். நாணல் எங்கே?”

“இல்லை.”

“அப்படியானால் நடக்கவில்லை. பாடம் இரண்டு, ஆற்றில் எதிர்நீச்சல். ஆறு எங்கே?”

“நீர்தானே மேலிடத்துலேருந்து வர்றீர்? கையோட கொண்டுவந்திருக்கலாமே.”

“வாய்த்துடுக்கு. அதையும் எழுதுவேன்” என்றான் ஓலையப்பன். சுவர்மேல் முன்னும் பின்னும் நடந்தான். பன்னிரண்டு பாடத்துக்கும் கோடு போட்டு அடித்தான். “முடிவு, பூஜ்யம். திரும்பும் பயணம் ரத்து. இந்தக் கிணறோ பட்டியலிலேயே கிடையாது. ஆகவே இது...”

அவன் கால் பாசியில் பட்டது.

சளார்.

ஓலையப்பன் உள்ளே அலறினான். அலறிய வாயில் தண்ணீர் போனது. சுவரைப் பிறாண்டினான். பாசி வழுக்கியது. சுழியாள் குதிக்கத்தான் போனாள். ஆனால் பேரம் பேசியே பழகிய வாய் முந்திக்கொண்டது.

“ஓலையப்பரே, இது உம்ம பட்டியல்ல எத்தனாவது பாடம்?”

அவள் கேட்டு முடிப்பதற்குள் சுண்டன் குதித்துவிட்டான். மான் கன்றும் பின்னால் குதித்தது. சுண்டன் அதிகாரியின் மூக்குக்குப் பக்கத்தில் மல்லாக்க மிதந்தான்.

“வாயை மூடுங்க ஐயா. மூடினாத்தான் மிதப்பீங்க.”

ஓலையப்பனிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தத் திகைப்பிலேயே வாயை மூடினான். மிதந்தான்.

“இப்ப சுவரைத் தொடுங்க. தொட்டுக்கிட்டே வாங்க. படி வரும்.”

படி வந்தது. மேலே நின்ற சுழியாளுக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தெறித்துவிட்டது என்று கொத்தியிடம் சொன்னாள்.

ஓலையப்பன் படியில் உட்கார்ந்து இருமினான். ஒரு புது ஓலையை எடுத்தான். “பன்னிரண்டு பாடமும் நடந்ததாகக் கீறிவிடுகிறேன்” என்றான், மெல்லிய குரலில்.

“பொய் வேண்டாம். மூணு பாடம்தான் நடந்தது. மூணுன்னே எழுதும்.”

“மூன்றுக்குப் பயணம் கொடுக்க விதியில்லையே.”

“அப்போ மறுபடியும் உள்ளே இறங்கும். மீதி ஒன்பதையும் உமக்கே நடத்துறேன்.”

ஓலையப்பன் கிணற்றைப் பார்த்தான். பிறகு குனிந்து எழுதினான். “நடந்த பாடங்கள் மூன்று. கற்றவர் ஐவர். பிழைத்தவர் அடியேன். பயணம் உண்டு.”

கூழைக்கடாவின் அலகுப் பையில் சுழியாள் ஏறினாள். ஐந்து கூடை இலந்தைப் பழமும் ஏறியது. கொத்தி தன் கையால் கிறுக்கிய ஓர் ஓலையையும் கொடுத்தாள்.

ஆற்றங்காட்டு அரண்மனையில் சிங்கராஜா ஒரு கூடையைத் தனியாகவே தின்று தீர்த்தார். “திட்டம் வெற்றி” என்றார், கொட்டையைத் துப்பிக்கொண்டே. “அந்த ஓலைக்கு முத்திரை குத்தியது யார்? பரிசு கொடுக்கலாம்.”

பரிசு என்றதும் சபையில் பதினோரு கை உயர்ந்தது.

“ஓலை மாறிப்போன தப்புக்கும் அதே ஆள்தான் பொறுப்பு” என்றாள் சுழியாள்.

பதினோரு கையும் இறங்கியது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

சுழியாள் கொத்தியின் ஓலையை நடுச்சபையில் விரித்து வைத்தாள்.

“முத்திரைக்காரரே, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்துலதான் நிக்கறீங்க. இந்த ஓலையைப் படிங்க. பொட்டல் காட்டுக்கு அடுத்து என்ன வேணும்னு அவங்களே எழுதியிருக்காங்க. வளை தோண்டச் சொல்லிக்கொடுக்கிற ஆள் வேணுமாம். அந்த ஆள் தீவுல, தோண்டின வளையெல்லாம் தண்ணி நிறைஞ்சு, ஒரு மாசமா மரத்து உச்சியில குந்தியிருக்கான்னு கூழைக்கடா சொல்லுது. அவனை இறக்குங்க. அவன் கேட்ட இடத்துல கொண்டுபோய் விடுங்க. என்னைத் தீவுக்கு அனுப்புங்க. வெள்ளம் வர இருபது நாள்தான் இருக்கு. எல்லாத்துக்கும் முன்னாடி எங்க முதல் பாடத்தை நீங்களும் படிங்க. வாயை மூடுங்க. அப்பத்தான் அடுத்தவங்க கேக்குறது காதுல விழும்.”

படிப்பை வெளியூருக்கு அனுப்புகிறவர் யாராக இருந்தாலும், என்ன வேண்டும் என்று படிக்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் குத்திய முத்திரையை, குத்திய கையே இன்றைக்கே திருத்த வேண்டும்.