நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவே

பர்வீன் டீச்சரிடம் புரோகிராம் படிக்க வருகிறவர்களில் நயினார்தான் மூத்தவர். வயது ஐம்பத்தொன்று. டீச்சருக்கு முப்பத்தெட்டு.

ஒருநாள் பாடம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் நயினார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல விரட்டிட்டாங்களா?"

"புரோகிராம்ல கம்பைல் ஆகிப் போன ஒரு துண்டு, ஒரு மெத்தடு, அதுக்குள்ள போய்ப் பார்க்க முடியுமா டீச்சர்?"

"எழுதின ஃபைல் இருக்கும்ல, அதையே பாருங்களேன்."

"அது இல்ல. கம்பைல் பண்ணி மெஷினுக்கு மாத்தின பைட்கோடு மட்டும்தான் மிச்சம்."

"எழுதினது எப்படிப் போச்சு?"

நயினார் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான் அழிச்சேன்."

துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட். அங்கே நயினாரும் எப்ரேமும் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தார்கள். குளிரைக் கூட்டிக் குறைக்கும் புரோகிராமைத் தட்டுத்தடுமாறித் தாங்களே எழுதினார்கள். எப்ரேம் வாய் திறந்து பேசுவது அபூர்வம். சொல்ல வேண்டியதையெல்லாம் கமென்ட்டில் எழுதிவிடுவார். இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகிற வரிகள் அவை. நயினார் ஒருவர்தான் படிப்பார். 'வே நயினாரு, இதுல கை வைக்காதேயும். வச்சீருன்னா மீன் நாறும்.' நயினார் அதற்குக் கீழேயே பதில் எழுதி வைப்பார். 'உம்ம கணக்கே நாறுது வே.'

ஒரு சித்திரையில் இரண்டு லோடு ஐஸ் தண்ணீராக ஓடியது. யார் பார்த்த வேலை என்று முதலாளி கேட்டார். தப்பு நயினாருடையது. நயினாரின் கை எப்ரேமைக் காட்டியது.

எப்ரேம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் வந்தார், ஒரே ஒரு மெத்தடைத் திறந்தார், ஏதோ எழுதினார், கம்பைல் செய்துவிட்டு எழுந்து போனார்.

அதைத் திறந்து பார்க்க நயினாருக்குத் தைரியம் வரவில்லை. படிக்காமலே ஃபைலை அழித்தார். கம்பைல் ஆனது இருந்ததால் புரோகிராம் பாட்டுக்கு ஓடியது. பன்னிரண்டாம் நாள், டீ குடிக்க உட்கார்ந்த எப்ரேம் அப்படியே சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

"அவன் எழுதினது தெரியணும் டீச்சர். என்னைத் திட்டினானா, இல்ல போனா போகுதுன்னு விட்டானா. வேற ஒண்ணும் வேண்டாம்."

டீச்சர் கையை நீட்டினார். நயினார் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

"மெத்தடோட பேரை அடிங்க. அடைப்புக்குறி போடாதீங்க. போட்டா வேலைக்குக் கிளம்பிடும். சும்மா கையில பிடிச்சுக்கிட்டு, உள்ள என்ன வச்சிருக்கேன்னு கேளுங்க."

நயினார் கேட்டார். மெத்தட் தன் வயிற்றைத் திறந்து காட்டியது. எடு, ஒப்பிடு, தாண்டு, திருப்பிக் கொடு. ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில், எழுதின ஃபைலில் அது எத்தனையாவது வரி என்ற எண் நின்றது.

"கமென்ட் எங்க டீச்சர்?"

"அது உள்ள வராது அண்ணாச்சி. கம்பைல் பண்ணும்போதே விட்டுடும்."

நயினார் எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அடுத்தது நாற்பத்தொன்பது.

விரல் நின்றது.

"நடுவுல ஆறு வரி."

"ஆமா."

"சும்மா என்டர் தட்டி விட்டதாவும் இருக்கலாம், இல்ல?"

"இருக்கலாம்."

"இருக்காது டீச்சர். நான் ஒரு வரி காலியா விட்டாலே, என்ன வே, மாட்டுக்கு வழி விடுறீரான்னு கேட்கிறவன் அவன்." அவர் குரல் இறங்கியது. "ஆறு வரி. பதினோரு வருஷத்துல அவன் அவ்வளவு நீளமாப் பேசினதே இல்ல. அதுல என்ன இருந்துச்சு?"

டீச்சர் பென்டிரைவைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "இந்தப் பைட்கோடைப் பார்த்து மெத்தடைத் திரும்ப எழுதிட்டு வாங்க. ஒரு வரி எண்கூடப் பிசகக் கூடாது."

"அந்த ஆறு வரிக்கு என்ன எழுத?"

"ஆறு வரி எழுதுங்க."

நயினார் ஐந்தாம் நாள் வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"முதல்ல அவன் என்னைத் திட்டுற மாதிரி எழுதினேன். நல்லாவே திட்டினான். கம்பைல் பண்ணித் திறந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது. அழிச்சுட்டு, சரி விடும் வே, தப்பு எல்லாருக்கும் வரும்னு அவன் சொல்ற மாதிரி எழுதினேன். அப்பவும் அதேதான்."

"அப்புறம்?"

"நேத்து அவன் சொல்ற மாதிரி எழுதல. நான் அவனுக்கு எழுதினேன்."

"ஆறு வரியா?"

"ஆறு பத்தல. ஆறுக்குள்ள அடக்கினேன்."

என்ன எழுதினீர்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. "கம்பைல் பண்ணுங்க" என்றார். நயினார் செய்தார். "எழுதின ஃபைலை அழிங்க."

நயினாரின் கை கீபோர்டுக்கு மேலே வெகுநேரம் நின்றது. பிறகு அழித்தார்.

டீச்சர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். எப்ரேமின் பழைய மெத்தட், நயினாரின் புதியது, இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, திரையை நயினார் பக்கம் திருப்பினார். நயினார் இடதைப் படித்தார். வலதைப் படித்தார். மறுபடி இடதுக்கு வந்தார். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. எடு, ஒப்பிடு, தாண்டு. நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது.

"எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா அவன் என்னதான் எழுதியிருந்தான்? நீங்க இன்னும் சொல்லலையே."

"சொல்றேன் அண்ணாச்சி. இந்த ரெண்டுல எது அவர் உங்களுக்கு எழுதினது, எது நீங்க அவருக்கு எழுதினது? அதை முதல்ல காட்டுங்க."