வாசல் சொல்லாத பெயர்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் உமையாள் என்றொரு குரு இருந்தார். கணினிகளை இணைக்கும் வலையைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். வயது முப்பத்தைந்துதான். சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கோ அறுபது தாண்டிவிட்டது. குரு சீடரை ‘ஐயா’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

உள்ளதைச் சொன்னால், மாசிலாமணி படிக்க வரவில்லை. வந்த நாளிலிருந்து மனதுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை ஒரு முற்பகலில் கொட்டிவிட்டார்.

“அம்மா, போன வருஷம் என் மகளுக்குப் பிரசவத்துல ரத்தம் நிறையப் போயிடுச்சு. அபூர்வ வகை, எங்கேயும் கிடைக்கலை. இணையத்துல நானே ஒரு பக்கம் தொடங்கி, ஊரு உலகத்தையெல்லாம் கெஞ்சி எழுதினேன். யாரோ ஒருத்தர் ‘கிளம்பிட்டேன்’னு பதில் போட்டாங்க. வந்தாங்க, கொடுத்தாங்க, போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில பேர் சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

“மகள்?”

“நல்லா இருக்கா. பேத்தி தவழுறா.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பதில் எந்த இணைய எண்ணிலேருந்து, அதான் ஐ.பி. எண், வந்ததுன்னு என் பக்கத்துல பதிவாகியிருந்துச்சு. அலைஞ்சு திரிஞ்சு விசாரிச்சேன். இந்த மடத்தோட எண் அது.”

“மடத்துல நாப்பது பேர் இருக்கோமே ஐயா.”

“எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ‘நான் இல்லை’ங்கறாங்க. அது எப்படி அம்மா, நாப்பது பேருக்கும் ஒரே எண்?”

உமையாள் சுவரோரம் மினுங்கிக்கொண்டிருந்த, மடத்துக்கு இணைய வாசலான ரவுட்டர் பெட்டியைக் காட்டினார்.

“உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் உண்டு. வீட்டுல கூப்பிடுற செல்லப் பேர் மாதிரி, வெளியே செல்லாது. யார் எதை அனுப்பினாலும் இது அந்த எண்ணை எடுத்துட்டுத் தன் எண்ணைப் போட்டு அனுப்பும். யாரோடதுன்னு தனக்குள்ள குறிச்சுக்கும். பதில் வந்தா குறிப்பைப் பார்த்து உரியவங்ககிட்ட சேர்த்துடும்.”

“அப்போ குறிப்பைப் பார்த்தா ஆள் தெரிஞ்சுடுமே!”

“பேச்சு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல குறிப்பை அழிச்சுடும்.”

மாசிலாமணியின் முகம் தொங்கிப்போயிற்று. “பொல்லாத வாசல் அம்மா இது.”

“இன்னும் கேளுங்க. உள்ளேருந்து யாரும் கேக்காம, வெளியேருந்து தானா வந்து தட்டுறதை இது விடாது. ஏன்னுகூடச் சொல்லாம தள்ளிடும். உள்ளே என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்காது. எங்கேருந்து வருது, எங்கே போகுது, எந்தக் கதவுக்கு. கடித உறை மாதிரி மேலே எழுதினதை மட்டும் படிக்கும்.”

“நானும் யாரும் கூப்பிடாம வந்து தட்டினவன்தானே? என்னை எப்படி விட்டீங்க?”

“யாரை விடணும்னு வாசலுக்கு எழுதி வெச்ச விதிகளை மேலேருந்து வரிசையாப் படிக்கணும். முதல்ல எது பொருந்துதோ அதுதான் செல்லும். ‘வாடின முகத்தோட வந்தா விடு’ன்னு இந்த மடத்துல முதல் விதி. அன்னைக்கு உங்க முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?”

மாசிலாமணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “கேலி பண்ணாதீங்க அம்மா. என் மகளோட உசிரை மீட்டுக் கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி சொல்லாம போனா என் கட்டை வேகாது. யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?”

உமையாள் எழுந்தார். “சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. இன்னைக்குப் பந்தியில நீங்க பரிமாறுங்க.”

மாசிலாமணி சோறு, நெய், சாம்பார் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பரிமாறினார். காது கேளாத சமையல்கார அம்மாளுக்கு வைத்தார். இவராக இருக்குமோ? கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு வைத்தார். இந்தப் பிள்ளையோ? அடுத்து தோட்டக்காரர் பக்கிரி. ஒருநாளும் முகம்கொடுத்துப் பேசாத மனிதர். கரண்டி ஒரு கணம் நின்றது. ஐயோ, இவராக இருந்துவிட்டால்? நெய்யை இன்னொரு கரண்டி சேர்த்தே ஊற்றினார். “போதும், போதுங்கறேன்!” என்று பக்கிரி இலையைக் கையால் மறைத்தார். அதன்பின் எந்த இலைக்கும் மாசிலாமணியின் கை சுருங்கவில்லை.

வரிசையின் கோடியில் உமையாள் உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி அவரையே பார்த்தார். இவராகவும் இருக்கலாம். வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துப் பரிமாறினார்.

பந்தி முடிந்தது. கை கழுவும் இடத்தில் குருவிடம் வந்து நின்றார். சட்டை முழுக்கச் சாம்பார், கண் முழுக்க நீர்.

“அம்மா, யாருன்னு கடைசிவரைக்கும் தெரியலையே.”

“யாருக்கு ஐயா குறைச்சு வெச்சீங்க?”