தாய்மாமனுக்கு ஒரு லென்ஸ்

பஸ்ஸில் விசில் ஊதியே நரைத்தவர் ஐயம்பெருமாள். ஓய்வு பெற்றபின் வாய்க்கு வேலையில்லை, கண்ணுக்காவது வேலை கொடுப்போம் என்று, சங்கரன்கோவிலில் மெஹராஜ் நடத்தும் ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போனார். மெஹராஜுக்கு அவர் மகள் வயது. ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார். எதையும் லேசில் மறக்கிற ஆள் இல்லை.

ஒருநாள் காலை மெஹராஜ் இரண்டு லென்ஸ்களை மேஜைமேல் வைத்தாள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று கேமராக் கடைக்காரர் கொடுத்தனுப்பியவை. ஒன்று முழங்கை நீளம். மற்றது டீத் தம்ளர் உயரம்.

ஐயம்பெருமாள் நீளமானதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு எனக்கு இதுதான்."

"ஏன் அண்ணாச்சி?"

"மண்டபத்துக் கடைசித் தூண்ல சாஞ்சுக்கிட்டே பொண்ணு மூக்குத்திய எடுக்கலாம்."

"பக்கத்துல போனா மூக்குத்தி ஓடியா போகும்?"

அவர் லென்ஸ் மூடியைத் திறந்தார், மூடினார்.

"பொண்ணு என் தங்கச்சி மக."

மெஹராஜ் நிமிர்ந்து பார்த்தாள். அவரே கொட்டினார்.

"காதுகுத்துக்கு அவ என் மடியிலதான உக்காரணும்? நான்தான தாய்மாமன்? அன்னைக்கு வர்ற வழியில பஸ் ரிப்பேராகிப் படுத்துட்டு. சீர்த்தட்டத் தலையில வச்சு ஓட்டமா ஓடுனேன். போய்ப் பாத்தா, எங்க சித்தப்பா மகன் மடியில பிள்ளைய வச்சுக் குத்தி முடிச்சாச்சு. நல்ல நேரம் போயிருமாம். எங்க மச்சான், தங்கச்சி வீட்டுக்காரர் கோமதிநாயகம் சொல்லுதாரு. தட்ட வாசல்லயே வச்சேன். கை நனைக்கல. இப்ப பத்திரிகை வைக்க வந்தாங்க, கதவத் திறக்கல."

"பிறகு எதுக்கு மண்டபத்துக்கு வர்றீங்க?"

"பிள்ளையப் பாக்கணும் டீச்சர். நான் பாத்தேன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது."

மெஹராஜ் எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிர்ச்சாரியில் ஒரு அம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்தே நீள லென்ஸ்ல எடுங்க."

எடுத்தார். அந்த அம்மாளின் புருவ முடியை எண்ணலாம் போலப் படம் விழுந்தது.

"இப்ப குட்டை லென்ஸ்ல."

அதில் இழுக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. காலால்தான் நடக்க வேண்டும். தெருவைத் தாண்டி, பூக்கூடை முட்டியில் இடிக்கிற அளவுக்குப் போனார்.

"என்ன கண்டக்டரே, டிக்கெட் கேக்க வந்தீரா?" என்று பூக்கார அம்மாள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பையே எடுத்தார்.

இரண்டு படங்களையும் மெஹராஜ் அருகருகே வைத்தாள்.

"எது நல்லாருக்கு?"

"முதல்லதான் தெளிவு," என்றார் ஐயம்பெருமாள், வீம்புக்கு.

"தெளிவுதான்," என்றாள் மெஹராஜ்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில் அவர் கையில் அவள் கொடுத்தது குட்டை லென்ஸ்.

"நீளம் எங்க?"

"என் கேமராவுல மாட்டியாச்சு. நீங்க மணவறைக்குப் போங்க."

ஐயம்பெருமாள் பல்லைக் கடித்தார். சிரித்தவர்கள் வரிசையில் இவளையும் சேர்த்துக்கொண்டார்.

மணவறைப் பக்கம் கேமராவை முகத்திலிருந்து இறக்கவேயில்லை. கேமராதான் அவருக்கு முகமூடி. ஆனால் கை எட்டுகிற தூரத்தில் விசிறியைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி நின்றாள். அவள் அண்ணனின் முழங்கையைப் பார்த்தே கண்டுகொண்டாள். சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. கோமதிநாயகமும் பார்த்தார்.

"தாய்மாமன் மாலை! தாய்மாமன் யாரு, வாங்கோ!" என்றார் ஐயர்.

ஐயம்பெருமாளின் விரல் பட்டனிலேயே உறைந்துபோனது.

முன்வரிசையில் சித்தப்பா மகன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். கோமதிநாயகம் அவன் தோளில் கைவைத்து அமுக்கினார்.

"உக்காருப்பா."

"நேரம் போகுது அத்தான்," என்றான் அவன்.

"போகட்டும். ஒருதரம் நேரத்தப் பாத்துத்தான் கெட்டேன்."

மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடியே நின்றார். மாலைக்காகத் தலை குனிந்திருந்த பெண், குனிந்தவாக்கில் கண்ணை மட்டும் உயர்த்தி நேராக லென்ஸுக்குள் பார்த்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவே கையளவு காற்றுதான்.

"மாமா, கழுத்து வலிக்கி. எவ்வளவு நேரம் குனிஞ்சே இருக்கது?"

கேமராவை எங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தார், வாங்கிக்கொள்ள ஆளில்லை. சட்டென்று அதைப் பெண்ணின் மடியிலேயே வைத்துவிட்டு மாலையைத் தூக்கினார். மண்டபம் சிரித்தது. இந்தத் தடவை யார் சிரித்தது என்று அவர் பார்க்கவில்லை.

பந்தியில் கோமதிநாயகமே பாயச வாளியோடு வந்தார்.

"மச்சான், இன்னும் கொஞ்சம்?"

"ஊத்தும். இத்தன வருசப் பாக்கி இருக்குல்லா."

கை கழுவிவிட்டு வந்தவரிடம் மெஹராஜ் தன் கேமராவை நீட்டினாள். அதில் அவர் மாலையோடு நின்றார். பெண்ணின் மடியில் கேமரா. மூக்குக்கண்ணாடிக்குக் கீழே அவர் கன்னம் நனைந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"இது எங்க இருந்து எடுத்தீங்க டீச்சர்?"

"கடைசித் தூண்லேர்ந்து."

"நான் நிக்கேன்னு சொன்ன இடம்."

"ஆமா."

"அப்ப அந்த லென்ஸ எனக்கே தந்திருக்கலாம்லா?"

மெஹராஜ் லென்ஸைக் கழற்றித் துணியால் துடைத்தாள்.

"அந்தத் தூண் பக்கம் இருந்தது ஒரே ஒரு சீட்டு, அண்ணாச்சி. மண்டபத்துல சொந்தம் இல்லாதவங்களுக்குன்னு ஒதுக்குனது. கண்டக்டர் நீங்களே அதுல போய் உக்காந்தா எப்படி?"